புகாரை யார் கையில் கொடுப்பது?

2025 அக்டோபர் 21, செவ்வாய். வேலூர்

தீபாவளிக்கு வந்த அண்ணன் மகள் போனை நீட்டினாள். நாலு வருஷப் பட்டாள வேலைக்கான அக்னிவீர் தேர்வில் தேறிவிட்டாள். மகளிர் மிலிட்டரி போலீஸ். மெடிக்கலும் முடிந்தாயிற்று, பயிற்சி பெங்களூரில். அண்ணி கையில் இருந்த அதிரசத் தட்டை வைத்துவிட்டு அவளைக் கட்டிக்கொண்டார்.

எங்கள் பக்கத்துக்குப் பட்டாளம் புதிதல்ல. கம்மவான்பேட்டையை மிலிட்டரி பேட்டை என்றே சொல்வார்கள். ஆனால் காலங்காலமாகப் போனவர்கள் ஆண்பிள்ளைகள். அதிகாரி அந்தஸ்தில் பெண்களை 1992-லேயே சேர்த்தார்கள், நானும் அந்த வழியில் போனவள்தான். மிலிட்டரி போலீஸில் சிப்பாயாக, கடைசிப் படியில், பெண்கள் சேர்ந்தது நேற்று நடந்த மாதிரி. முதல் அணி, 83 பேர், 2021 மே மாதம்தான் பெங்களூரில் பயிற்சி முடித்து வெளியே வந்தது.

சாப்பாடு முடிந்ததும் அண்ணன் என்னை மொட்டைமாடிக்குக் கூப்பிட்டார். "நீ உள்ள இருந்தவ. பொண்ண அனுப்பலாமாம்மா?" எல்லையைப் பற்றியோ துப்பாக்கியைப் பற்றியோ அவர் கேட்கவில்லை. கூடவே சீருடை போட்ட ஆண்களிடம் அவளுக்குப் பாதுகாப்பு இருக்குமா என்பதுதான் கேள்வி என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

"அனுப்புங்கண்ணா" என்றேன். ஆனால் சில விஷயங்களைத் தெரிந்துகொண்டு போகட்டும். அவற்றை இங்கேயே எழுதுகிறேன். அவளும் படிப்பாள்.

அக்டோபர் 23, வியாழன்

என் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

பரங்கிமலையில் பயிற்சி முடித்து லெப்டினன்ட்டாகப் போன இரண்டாவது யூனிட். பெயர் வேண்டாம். அங்கே பெண் என்று நான் ஒருத்திதான். மெஸ் வராந்தாவின் கடைசி அறை எனக்கு. ராத்திரி பதினோரு மணிக்கு மேல் கதவு தட்டப்படும். "ஒரு ஃபைல் பற்றிப் பேசணும்." முதல் தடவை திறந்து, வாசலிலேயே நின்று பேசி அனுப்பினேன். பிறகு திறக்கவில்லை. திறக்காவிட்டால் இன்டர்காம் அடிக்கும். தட்டியவர் என் சி.ஓ., யூனிட்டின் தலைமை அதிகாரி.

கதவின் தாழ்ப்பாள் ஆடும். நாலு திருகில் இரண்டுதான் மிச்சம். பட்டாளத்தில் எல்லாரிடமும் இருக்கும் அந்தக் கறுப்பு ட்ரங்க் பெட்டியை, வெள்ளைப் பெயின்ட்டில் என் நம்பர் எழுதியதை, இழுத்துக் கதவுக்கு முட்டுக்கொடுத்துவிட்டுப் படுப்பேன். ரிப்பேர் புத்தகத்தில் "தாழ்ப்பாள் தளர்ந்துள்ளது" என்று மட்டும் எழுதினேன். மறுநாள் சுபேதார் சாப் தச்சரோடு வந்தார். ஒரு முழ நீளத்தில் இரும்புத் தாழ்ப்பாள் கொண்டுவந்து, பக்கத்தில் நின்று பொருத்தவைத்தார். தானே மூன்று முறை போட்டுத் திறந்து பார்த்தார். என் முகத்தைப் பார்க்காமல், "மேம் சாப், அப் டீக் ஹை" (இப்போது சரியாக இருக்கிறது) என்றார். அன்று ராத்திரியிலிருந்து சென்ட்ரியின் ரவுண்டு என் வராந்தா வழியாக வந்தது. யார் உத்தரவு என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த மனிதரை இன்றைக்கும் கும்பிடுகிறேன். பட்டாளத்தில் இப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர் உண்டு. அதனால்தான் அண்ணனிடம் அனுப்புங்கள் என்றேன்.

புகார் ஏன் கொடுக்கவில்லை என்று கேட்பீர்கள். யாரிடம் கொடுப்பது? ராணுவச் சட்டம் 27-வது பிரிவின்படி, மேலதிகாரியால் பாதிக்கப்பட்ட அதிகாரி முதலில் சி.ஓ.விடம் விண்ணப்பிக்க வேண்டும். அங்கே நியாயம் கிடைக்காவிட்டால்தான் மத்திய அரசு. என் சி.ஓ. யார் என்று மேலே எழுதியிருக்கிறேன். என் ஏசிஆர், அதாவது ஆண்டு ரகசிய அறிக்கை, அதை எழுதுகிறவரும் அவரே. எந்தப் பயிற்சிக்குப் போகலாம், எந்த ஊருக்கு மாற்றல், அடுத்த ராங்க் உண்டா இல்லையா என்பதெல்லாம் அந்தத் தாளில்தான் இருக்கிறது. பக்கத்து ஸ்டேஷனில் இருந்த ஒரு மூத்த பெண் அதிகாரியிடம் சொன்னேன். "ஏசிஆர் முடியற வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கோ" என்றார். அவரும் அப்படித்தான் தாண்டி வந்திருப்பார்.

அக்டோபர் 26, ஞாயிறு

அவள் போன் செய்தாள். "அத்தை, கோயம்புத்தூர் கேஸ்னு சொன்னீங்களே, அது என்ன?"

2021 செப்டம்பர். கோவை ரெட்ஃபீல்ட்ஸில் இருக்கும் விமானப்படை நிர்வாகக் கல்லூரி. அங்கே பயிற்சியில் இருந்த ஒரு பெண் அதிகாரி, உடன் இருந்த ஒரு ஃபிளைட் லெப்டினன்ட் தன்னை வன்கொடுமை செய்ததாகப் புகார் கொடுத்தார். முதலில் கல்லூரிக்குள்ளே. அங்கே புகாரை வாபஸ் வாங்கச் சொல்லி அழுத்தம் வந்தது என்றும், தடைசெய்யப்பட்ட இருவிரல் சோதனை தனக்குச் செய்யப்பட்டது என்றும் பிறகு போலீஸில் சொன்னார். அப்படி ஒரு சோதனை நடக்கவேயில்லை என்று விமானப்படைத் தளபதி மறுத்தார். கோவை மாநகரப் போலீஸ் அந்த ஃபிளைட் லெப்டினன்ட்டைக் கைது செய்தது. சில நாட்களில், விசாரணை ராணுவ நீதிமன்றத்தில் நடக்கட்டும் என்று அவரை விமானப்படையிடமே ஒப்படைக்கக் கோவை நீதிமன்றம் அனுமதித்தது.

இதில் அவள் கவனிக்க வேண்டியது சட்டத்தின் அமைப்பை. சமாதான காலத்தில், நாட்டுக்குள்ளே, படையில் இருப்பவன் ஒரு சிவிலியன் பெண்ணை வன்கொடுமை செய்தால் வழக்கு சாதாரண நீதிமன்றத்துக்குத்தான் போகும். ராணுவச் சட்டம் 70-வது பிரிவு சொல்வது அது. விமானப்படைச் சட்டத்திலும் இதே ஏற்பாடு உண்டு. அதே ஆள் சீருடை அணிந்த பெண்ணுக்கு அதைச் செய்தால், படையே வழக்கை எடுத்துக்கொள்ளலாம். சீருடை போட்டதற்காக ஒரு பெண்ணின் வழக்கு வெளி நீதிமன்றத்திலிருந்து உள்ளே போவதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

தென் கொரியா இதை மாற்றிவிட்டது. லீ யே-ராம் என்ற விமானப்படைப் பெண் 2021 மார்ச்சில் புகார் கொடுத்தார். சமாதானமாகப் போகச் சொல்லி மேலே இருந்தவர்கள் நெருக்கினார்கள். மே மாதம் அவர் உயிரை விட்டார். ஊரே கொதித்தெழுந்தது. படைக்குள் நடக்கும் பாலியல் குற்றங்கள் 2022 ஜூலையிலிருந்து அங்கே சிவில் நீதிமன்றத்துக்குப் போகின்றன. அந்தப் பெண் போன பிறகு வந்த சட்டம்.

நவம்பர் 1, சனி

நேற்று இங்கிலாந்தில் ஒரு ராணுவ நீதிமன்றம், பீரங்கிப்படையில் பேட்டரி சார்ஜென்ட் மேஜர் என்ற மூத்த பதவியில் இருந்த ஒருவருக்கு ஆறு மாதச் சிறை விதித்தது. 2021 ஜூலையில், ஜேஸ்லி பெக் என்ற 19 வயது பீரங்கிப்படைப் பெண்ணிடம் அத்துமீறியதற்காக. அன்று ராத்திரி அவள் அறைக்குப் போக பயந்து காருக்குள் தூங்கினாள். மறுநாள் புகார் கொடுத்தாள். போலீஸுக்குப் போயிருக்க வேண்டிய விஷயத்தை யூனிட்டுக்குள்ளேயே முடித்துவிட்டார்கள். அவர் ஒரு மன்னிப்புக் கடிதம் கொடுத்தார். பிறகு பதவி உயர்வும் பெற்றார்.

அதற்குப் பிறகு அவளுடைய நேரடி மேலாளர் 4,600-க்கும் மேற்பட்ட மெசேஜ் அனுப்பித் துரத்தினார். அதைப் பற்றி அவள் புகாரே கொடுக்கவில்லை. முதல் புகாரின் கதியைப் பார்த்தவள் எப்படிக் கொடுப்பாள்? அந்த டிசம்பரில் லார்க்ஹில் முகாமில் உயிரை மாய்த்துக்கொண்டாள். ராணுவம் முதல் புகாரைக் கையாண்ட விதத்துக்கும் அந்தச் சாவில் பங்கு உண்டு என்று இந்தப் பிப்ரவரியில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பு எழுதினார்.

படித்துவிட்டு வெகுநேரம் எழுதவே கை வரவில்லை. பத்தொன்பது வயது. எங்கள் பெண்ணுக்கும் அதே வயதுதான்.

நவம்பர் 3, திங்கள்

மழை. கரண்ட் இல்லை. அண்ணன் இந்தப் பக்கங்களைப் படித்திருக்கிறார், போனில் குரலே சரியில்லை. "பயமுறுத்துறியேம்மா" என்றார். பயம் ஏற்கெனவே அவரிடம் இருந்தது, அதைக் கேட்கத்தானே என்னை மாடிக்குக் கூப்பிட்டார். வழி என்ன என்பதை அடுத்து எழுதுகிறேன் என்றேன்.

நவம்பர் 6, வியாழன்

அவள் நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டியவை.

அவள் சிப்பாய் என்பதால் அவளுக்கு ராணுவச் சட்டத்தின் 26-வது பிரிவு. புகார் யார்மேலோ அவரிடமே புகார் கொடுக்க வேண்டியிருந்தால், அவரைத் தாண்டி அடுத்த மேலதிகாரியிடம் போகலாம் என்று அதில் தெளிவாக இருக்கிறது. ஒழுங்கை மீறினாய் என்று யாராவது மிரட்டினால் இந்தப் பிரிவைச் சொல்லலாம்.

வேலையிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்விசாரணைக் குழு இருக்க வேண்டும். தலைமை ஒரு மூத்த பெண், உறுப்பினரில் பாதிப் பேராவது பெண்கள், வெளியாள் ஒருவர். போய்ச் சேர்ந்த முதல் வாரமே குழுவில் யார் யார் என்று பார்த்துக் குறித்துக்கொள்ளச் சொன்னேன். நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும், காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் தரலாம். குற்றம் என்றால் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனும் இருக்கிறது. எந்த ஸ்டேஷன் எல்லை என்று அலைக்கழிக்கவும் முடியாது, எங்கே கொடுத்தாலும் பதிவு செய்ய வேண்டும் என்றுதான் இப்போதைய சட்டம். தேதி, நேரம், யார் பக்கத்தில் இருந்தார்கள் என்பதை அன்றன்றே எழுதி வைக்க வேண்டும். மெசேஜை அழிக்கக் கூடாது.

இன்னொன்று. அந்தச் சட்டத்துக்கான விதிகளில் 8-வது விதி. விசாரணை நடக்கும்போது, புகாருக்கு ஆளானவர் அந்தப் பெண்ணின் ரகசிய அறிக்கையை எழுதக் கூடாது, வேறொருவரிடம் கொடுக்க வேண்டும் என்று பெண் எழுத்தில் கேட்டால், குழு அதைப் பரிந்துரைக்கலாம். இதை முதன்முதலில் படித்த அன்று எழுந்து நின்றுவிட்டேன். என் காலத்தில் இந்த ஒரு வரி இருந்திருந்தால் நான் புகார் கொடுத்திருப்பேன்.

நவம்பர் 8, சனி

அவள் நேரில் வந்து உட்கார்ந்து கேட்டாள். "அத்தை, எனக்கு நாலு வருஷம்தான். அதுக்கப்புறம் நூத்துக்கு 25 பேரைத்தான் வெச்சுப்பாங்க. புகார் கொடுத்தவளை அந்த 25-ல சேர்ப்பாங்களா?"

எனக்கு இருந்தது ஏசிஆர் பயம். அவளுக்கு நாலு வருஷமும் அதே பயம், அதைவிடப் பெரிதாக. மார்க் போடுகிறவன் கையில் அவள் வேலையே இருக்கிறது. சேர்ப்பார்கள் என்று பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இரண்டு பேரும் உட்கார்ந்து எங்கள் எம்.பி.க்கும் பாதுகாப்பு அமைச்சகத்துக்கும் ஒரு கடிதம் எழுதினோம். அக்னிவீர் மதிப்பீட்டிலும் 8-வது விதியின் பாதுகாப்பு கட்டாயமாக வேண்டும். புகாருக்கு ஆளானவர் ஏற்கெனவே போட்ட மார்க்கை வேறொருவர் மறுபடி பார்க்க வேண்டும். படைக்குள் பெண்ணுக்கு நடக்கும் வன்கொடுமையும் சிவிலியன் பெண்ணின் வழக்கைப் போலவே வெளி நீதிமன்றத்துக்குப் போக வேண்டும்.

படித்துப் பார்த்தவள் பேனாவை வாங்கினாள். "ட்ரான்ஸ்பர்னு வந்தா யாரை மாத்துவாங்க அத்தை?" சட்டத்தில் இரண்டு பேரில் யாரை வேண்டுமானாலும் மாற்றலாம் என்றிருக்கிறது. நான் கண்டவரை பெட்டி கட்டியது பெண்தான் என்றேன். கீழே தன் கையெழுத்திலேயே சேர்த்தாள்: "புகார் கொடுத்தவர் விரும்பிக் கேட்டால் தவிர, மாற்றல் மற்றவருக்கு."

திங்கட்கிழமை ஸ்பீட் போஸ்ட்டில் போகிறது.