கிரிட்வியூ சுமந்த மூட்டை

2009-இல் திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றுக்குச் சரக்கு இருப்புப் பக்கம் எழுதிக்கொடுத்தேன். மைக்ரோசாஃப்டின் இணையப் பக்கக் கருவியான ஏஎஸ்பி.நெட் 2.0. தரவை அட்டவணையாகக் காட்டும் கிரிட்வியூவை இழுத்துப்போட்டு, அதை டேட்டாபேஸோடு இணைக்கும் எஸ்க்யூஎல்டேட்டாசோர்ஸைக் கோத்துவிட்டு, வரிசைப்படுத்தவும் திருத்தவும் அழிக்கவும் ஆளுக்கொரு கட்டத்தில் டிக் அடித்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தொடங்கிய வேலை டீ வருவதற்குள் முடிந்துவிட்டது. பழைய ஏஎஸ்பியில் இதற்கே ஒரு வாரம் மல்லுக்கட்டியவன் நான்; அன்று தரையில் கால் பாவவில்லை.

இரண்டு வாரத்தில் கிடங்குப் பொறுப்பாளர் போன் செய்தார். "தம்பி, ஒரு வரியை அழிக்க பட்டனை அமுக்கிவிட்டு டீக்கடைக்குப் போய்வருகிறேன். இன்னும் அப்படியே நிற்கிறது."

என் கணினியில் கண்மூடித் திறப்பதற்குள் அழிந்தது. சர்வரும் பிரௌசரும் ஒரே பெட்டிக்குள் இருந்தால் எந்தப் பாரமும் தெரியாதுதான். நேரில் போய் அவருடைய கணினியில் பக்கத்தின் மூலத்தைத் திறந்தேன். திரையில் தெரியாத மறைபுலம் ஒன்றில் வாலே இல்லாமல் நீண்டுகொண்டே போன எழுத்துக்குப்பை: வியூஸ்டேட். 190 கேபி.

வலைக்கு ஞாபகசக்தி கிடையாது; முந்தைய கிளிக்கில் பக்கம் எப்படி இருந்தது என்று சர்வர் நினைவில் வைத்திருக்காது. அதனால் கிரிட்வியூ தன் ஒவ்வொரு கட்டத்தின் உள்ளடக்கத்தையும் பக்கத்திலேயே வியூஸ்டேட்டாக மூட்டை கட்டி வைக்கிறது. தரவை வெறும் எழுத்துகளாக மாற்றும் பேஸ்64 வடிவம் என்பதால் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் வீக்கம் வேறு. 900 வரிகள், வரிக்கு 9 கட்டங்கள். ஒரு வரியை அழிக்க இந்த மூட்டை முழுவதும் சர்வருக்குப் போக வேண்டும். அங்கே மேலேற்றும் வேகம் 128 கேபிபிஎஸ். சர்வர் வேலையைத் தொடங்கவே 12 விநாடி. பிறகு அது 8,100 கட்டங்களையும் மறுபடி உருவாக்கி, ஒரு வரியை அழித்து, புது மூட்டையோடு திருப்பி அனுப்பும். ஜிசிப் சுருக்கம் போட்டிருந்தேனே என்றால், அது வரும் வழிக்கு மட்டும். பிரௌசர் அனுப்பும் படிவத்தை யாரும் சுருக்குவதில்லை.

முதலில் செய்தது முட்டாள்தனம்: எல்லாவற்றையும், முழுப் பக்கத்தையும் மறுபடி ஏற்றாமல் தன் பகுதியை மட்டும் புதுப்பிக்கும் அப்டேட்பேனலுக்குள் வைத்தேன். பக்கம் வெள்ளையடித்து மறைவது நின்றது, மூட்டை நிற்கவில்லை. "இப்போது சக்கரம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கிறேன்" என்றார்.

அடுத்து பக்கம் பிரிக்கும் டிக். மூட்டை 25 வரிக்குச் சுருங்கியது. ஆனால் அந்த 25-ஐக் காட்ட டேட்டாபேஸிலிருந்து மொத்த வரிகளையும் இழுத்து மிச்சத்தைக் கொட்டிவிடுகிறது. 900 வரிக்குப் பரவாயில்லை. லட்சத்தைத் தாண்டிய வரவு-செலவுப் பக்கம் மூச்சுத் திணறியது. கடைசியில் டேட்டாபேஸிலேயே வரிகளுக்கு எண் போடும் ரோ_நம்பர் வைத்து வேண்டிய வரிகளை மட்டும் எடுத்து, வியூஸ்டேட்டை அணைத்த ரிப்பீட்டர் என்ற எளிய பட்டியல் கருவியில் காட்டினேன். இலவசமாக வந்த வரிசைப்படுத்தலையும் திருத்தலையும் கையால் எழுத மூன்று நாள் பிடித்தது.

கிரிட்வியூ மேல் எனக்குக் கோபமில்லை. அலுவலகத்துக்குள் நான்கு பேர் பார்க்கும் பக்கம் என்றால் இன்றும் அதையேதான் போடுவேன். என் வருத்தமெல்லாம் அந்த டிக் கட்டங்களின் பக்கத்தில் விலை எழுதப்படவில்லையே என்பதுதான். சமீபத்தில் மைக்ரோசாஃப்டின் புதிய இணையக் கருவியான பிளேசர் சர்வரைத் தொட்டபோது அதே வாசனை. இங்கே மூட்டை சர்வரின் நினைவகத்தில், திறந்திருக்கும் ஒவ்வொரு டேபுக்கும் ஒன்றாக. ஒவ்வொரு கிளிக்கும் சர்வர்வரை போய்த் திரும்ப வேண்டும். முதல் வேலையாக பிரௌசரில் இணைய வேகத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு பட்டன்களை அமுக்கிப் பார்த்தேன்.

பொறுப்பாளர் வேகத்தைப் பாராட்டினார். உடனே கேட்டார்: "எல்லாம் ஒரே பக்கத்தில் தெரிந்ததே தம்பி, அதை ஏன் எடுத்தாய்?" 900 வரியும் வெறும் எழுத்தாக வரும் பக்கம் ஒன்றைத் தனியாகச் செய்துகொடுத்தேன். அதை அச்சடித்து, பேனாவால் அடித்துத் திருத்திக்கொண்டிருந்தார்.