முதல் எலக்ட்ரிக் கிட்டார்: பட்ஜெட்டை எங்கே செலவழிப்பது?

முதல் எலக்ட்ரிக் கிட்டார் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் இருக்கிற பணம் முழுவதையும் கிட்டாருக்கே கொடுத்துவிடுகிறார்கள். மிச்சம் மீதியில் கிடைக்கிற ஏதோ ஒரு ஆம்ப் (ஒலிபெருக்கிப் பெட்டி) போதும் என்று நினைக்கிறார்கள். அக்கூஸ்டிக் கிட்டாருக்கு அந்தக் கணக்கு சரி, ஏனென்றால் அதன் பெட்டியேதான் அதன் குரல். எலக்ட்ரிக்கில் அப்படி இல்லை. கம்பிகளுக்கு அடியில் காந்தமும் சுருளுமாக இருக்கும் பிக்கப் அனுப்புவது சின்ன மின்சமிக்ஞை. அது காதில் எப்படி விழும் என்பதில் பெரும்பங்கை ஆம்பும் ஸ்பீக்கரும்தான் முடிவு செய்கின்றன. சுமாரான கிட்டாரை நல்ல ஆம்பில் போட்டால் கேட்க நன்றாக இருக்கும். உயர்ந்த கிட்டாரை மட்டமான ஆம்பில் போட்டால் மட்டமாகவே கேட்கும்.

பணத்தைப் பத்துப் பங்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஐந்து பங்கு கிட்டாருக்கு, மூன்று பங்கு ஆம்புக்கு, ஒரு பங்கு கேபிள், டியூனர், ஸ்ட்ராப் போன்ற சில்லறைச் சாமான்களுக்கு. கடைசிப் பங்கு செட்டப்புக்கு, அதாவது கிட்டாரை வாசிக்க வசதியாகச் சரிசெய்வதற்கு. எல்லோரும் மறந்துவிடுவது இந்தக் கடைசிப் பங்கைத்தான். ஆனால் குறைந்த விலைக் கிட்டாருக்கு இதைவிடப் பயனுள்ள செலவு வேறில்லை.

தொழிற்சாலையிலிருந்து வரும் மலிவு விலைக் கிட்டார்களில் நட்டின், அதாவது தலைப்பக்கத்தில் கம்பிகள் உட்காரும் சிறு பட்டையின், பள்ளங்கள் பெரும்பாலும் ஆழம் குறைவாகவே வெட்டப்பட்டிருக்கும். ஆழமாக வெட்டிவிட்டால் கம்பி ஃபிரெட்டில் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) உரசும், கிட்டார் திரும்பி வந்துவிடும்; அதனால் உயரமாகவே விட்டுவிடுகிறார்கள். விளைவு, முதல் ஃபிரெட்டில் கம்பியை அழுத்த இரட்டிப்பு பலம் வேண்டியிருக்கும். அழுத்தினாலும் கம்பி கூடுதலாக இழுபட்டுச் சுருதி ஏறிவிடும். F கார்டு பிடிக்க முடியாமல், பிடித்தாலும் அபசுரமாகக் கேட்டு, தன் விரலில்தான் குறை என்று எண்ணிக் கிட்டாரை மூலையில் வைத்துவிடும் புதியவர்கள் ஏராளம். குறை விரலில் இல்லை.

இதைக் கடையிலேயே அரை நிமிடத்தில் பார்த்துவிடலாம். ஒரு கம்பியை மூன்றாவது ஃபிரெட்டில் அழுத்திப் பிடியுங்கள். முதல் ஃபிரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி மட்டும் தெரிய வேண்டும். அந்த இடத்தில் கம்பியைத் தட்டினால் லேசாக அசைவது தெரிந்தால் போதும். இடைவெளி பளிச்சென்று தெரிந்தால் நட் உயரம். இடைவெளியே இல்லையென்றால் பள்ளம் ஆழமாகிவிட்டது. திறந்த கம்பி கரகரக்கும். உயரமான நட்டை அரத்தால் சரிசெய்துவிடலாம். ஆழமாகிப் போனதற்குப் பெரும்பாலும் நட்டையே மாற்ற வேண்டியிருக்கும்.

அடுத்து நெக். அது நூல் பிடித்தாற்போல் நேராக இருக்கக் கூடாது, மிக லேசாக முன்பக்கம் குழிந்திருக்க வேண்டும். தடித்த கம்பியை முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். நடுவில், ஏழாவது எட்டாவது ஃபிரெட் பக்கத்தில், சுமார் 0.25 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் சரி. அதிகம் இருந்தால் நெக்குக்குள் ஓடும் உலோகத் தண்டான டிரஸ் ராடை ஆலன் கீயால் இறுக்க வேண்டும், இல்லவே இல்லையென்றால் தளர்த்த வேண்டும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள். திருப்பியதும் மறுபடி சுருதி சேர்த்து, சற்று நேரம் விட்டுப் பாருங்கள்; மரம் நிதானமாகத்தான் இடம் கொடுக்கும். ஆலன் கீ வழுக்கினால் அத்தோடு நிறுத்திவிடுங்கள். அளவு தவறான கீயைப் போட்டுத் திருகி டிரஸ் ராட் முனையின் விளிம்பு மழுங்கிப்போன கிட்டாரைச் சரிசெய்யக் கிட்டாரின் விலைக்குச் சமமாகவே செலவாகலாம்.

நெக் சரியான பிறகுதான் கம்பியின் உயரத்தைத் தொட வேண்டும். பன்னிரண்டாவது ஃபிரெட்டின் தலையிலிருந்து கம்பியின் அடிப்பக்கம் வரை, மெல்லிய கம்பிக்கு 1.5 மில்லிமீட்டர், தடித்த கம்பிக்கு 2 மில்லிமீட்டர் வைத்தால் பெரும்பாலானவர்களுக்கு வசதியாக இருக்கும். கடைசியில் இன்டொனேஷன், அதாவது மேல் ஃபிரெட்டுகளிலும் சுருதி சரியாக இருப்பது: பன்னிரண்டாவது ஃபிரெட்டுக்கு நேர் மேலே விரலைத் தொட்டும் தொடாமலும் வைத்து வரும் ஹார்மோனிக்கையும், அதே இடத்தில் அழுத்தி வாசிக்கும் சுரத்தையும் டியூனரில் ஒப்பிடுங்கள். அழுத்திய சுரம் ஏறியிருந்தால் உடலின் மேல் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜில் அந்தக் கம்பியின் சேடிலை (கம்பி உட்காரும் சிறு துண்டு) பின்னால் தள்ளுங்கள். இறங்கியிருந்தால் முன்னால் கொண்டுவாருங்கள். வரிசை முக்கியம். நெக்கைச் சரிசெய்யாமல் உயரத்தைக் குறைத்தால் எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டிவரும்.

இனி எந்தக் கிட்டார் என்ற கேள்வி. உடல் எந்த மரம் என்பதைச் சட்டை செய்ய வேண்டாம்; பாஸ்வுட்டோ பாப்லரோ, இந்த விலையில் அது முடிவை மாற்றாது. முதலில் பிரிட்ஜைப் பாருங்கள். அசையாத பிரிட்ஜ் உள்ள கிட்டார்தான் முதல் கிட்டாருக்கு என் தேர்வு. சுருதி நிற்கும், கம்பி மாற்றுவது சுலபம், கெட்டுப்போக அதில் ஒன்றுமில்லை. ஸ்ட்ராட் வகை வைப்ரேட்டோ பிரிட்ஜ், அதாவது கைப்பிடியை அழுத்திச் சுருதியை ஆட்டும் பிரிட்ஜ், இருந்தாலும் பரவாயில்லை. பின்பக்க மூடியைக் கழற்றி, ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கும் இரண்டு திருகாணிகளையும் இறுக்கினால் பிரிட்ஜ் உடலோடு படிந்து உட்கார்ந்துவிடும்.

ஃபிளாய்ட் ரோஸ் வகை, அதாவது இரண்டு முனையிலும் பூட்டு வைத்து மிதக்கும் பிரிட்ஜ் உள்ள மலிவுக் கிட்டாரில் கை வைக்காதீர்கள். இதில் கம்பிகளின் இழுவிசையும் ஸ்பிரிங்குகளின் இழுவிசையும் சமமாக இருந்தால்தான் பிரிட்ஜ் நிலையாக நிற்கும். ஒரு கம்பியை ஏற்றினால் மற்ற ஐந்தும் இறங்கும். ஒரு கம்பி அறுந்தால் மொத்தமும் போயிற்று. விலை உயர்ந்தவற்றில் பிரிட்ஜ் சாய்ந்து ஆடும் கத்தி விளிம்பு உறுதியான எஃகால் ஆனது. மலிவானவற்றில் மென்மையான உலோகம். சீக்கிரம் தேய்ந்து, கைப்பிடியை ஒருமுறை அழுத்தி விட்டால் பழைய இடத்துக்கே திரும்பாது.

பிக்கப் விஷயத்தில் இரண்டு கட்சி உண்டு. சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) தெளிவான, மணி போன்ற ஒலி தரும். கூடவே மின்கம்பி, டிரான்ஸ்ஃபார்மர், டிம்மர் எல்லாவற்றின் இரைச்சலையும் வாங்கிக்கொள்ளும். ஹம்பக்கர் 1955-இல் கிப்சனில் சேத் லவர் வடிவமைத்தது. எதிரெதிர்த் திசையில் சுற்றிய இரண்டு காயில்களுக்கு எதிரெதிர்த் துருவக் காந்தத்தை வைத்தால் கம்பியின் ஒலி கூடிக்கொள்ளும், வெளி இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஒலி தடிப்பாக இருக்கும், ராக், மெட்டலுக்கு அதுவே தோது. என்ன வாசிக்கப் போகிறோம் என்று இன்னும் தெரியாதவர்களுக்கு எச்எஸ்எஸ் அமைப்பு நல்லது: பிரிட்ஜ் பக்கம் ஒரு ஹம்பக்கர், மற்ற இரண்டும் சிங்கிள் காயில். யமாஹா பசிஃபிகா 112வி இந்த வகை. அதில் டோன் குமிழை இழுத்தால் ஹம்பக்கரின் ஒரு காயில் மட்டும் வேலை செய்யும். இந்த விலைப் பிரிவில் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைக்க ஒரு கிட்டார் கேட்டால் நான் சொல்வது இதைத்தான். அதற்குக் கீழே பசிஃபிகா 012, ஸ்குவையர் சோனிக், ஸ்குவையர் அஃபினிட்டி, ஐபனேஸ் ஜியோ, எபிஃபோன் லெஸ் பால் ஸ்பெஷல் எல்லாமே பார்க்கத் தகுந்தவை.

லெஸ் பால் வகையில் ஒரு எச்சரிக்கை. தலைப்பகுதி பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால் கிட்டார் மல்லாந்து விழுந்தால் நெக் அந்த இடத்தில்தான் முறியும். பழையது வாங்கும்போது நட்டுக்குப் பின்னால் பூச்சில் மெல்லிய கோடு ஓடுகிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள்.

ஸ்கேல் நீளமும் கையில் தெரியும். ஃபெண்டர் வகை 25.5 அங்குலம், கிப்சன் வகை 24.75 அங்குலம். அதே கம்பி, அதே சுருதிக்கு நீளம் குறைந்ததில் இழுவிசை குறைவு, விரலுக்கு இதம். சிறு பிள்ளைகளுக்கு ஐபனேஸ் மைக்ரோ போல 22.2 அங்குலக் கிட்டார்களும் உண்டு. கம்பி 9-42 செட்டில் ஆரம்பியுங்கள்; அது மெல்லிய, தடித்த கம்பிகளின் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்.

கையில் வாங்கியதும் நெக்கின் இரு ஓரங்களிலும் உள்ளங்கையை மேலும் கீழும் ஓட்டுங்கள். ஃபிரெட் முனைகள் குத்தினால், மரம் உலர்ந்து சுருங்கி உலோகம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பிறகு பொறுமையாக ஆறு கம்பிகளையும் எல்லா ஃபிரெட்டிலும் ஒவ்வொன்றாக வாசியுங்கள். எல்லா இடத்திலும் லேசாகக் கரகரத்தால் அது செட்டப்பில் தீரும். குறிப்பிட்ட ஒரே இடத்தில் மட்டும் சுரம் செத்துப்போனால், அதற்கு அடுத்த ஃபிரெட் எழும்பி நிற்கிறது. வேறு கிட்டாரை எடுங்கள். மெல்லிய கம்பியைப் பதினைந்தாவது ஃபிரெட்டில் ஒரு முழு சுரம் அளவுக்கு வளைத்துப் பாருங்கள், பாதியில் அடைத்துக்கொள்ளக் கூடாது. வால்யூம், டோன் குமிழ்களைத் திருப்பும்போது வரும் கரகரப்பு பெரும்பாலும் தூசி, கான்டாக்ட் கிளீனர் போதும். ஜாக்கில் கேபிளை ஆட்டும்போது ஒலி விட்டு விட்டு வந்தால் ஜாக்கை இறுக்கியிருக்கும் மரை தளர்ந்திருக்கும் அல்லது சால்டர் விட்டிருக்கும். இரண்டும் சின்ன வேலைதான், ஆனால் அதைச் சொல்லி விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

ஆம்புக்கு வருவோம். வாட் எண்ணைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். 10 வாட்டுக்கும் 20 வாட்டுக்கும் வித்தியாசம் 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்க வேண்டுமென்றால் ஏறக்குறைய பத்து மடங்கு சக்தி வேண்டும். அறையில் வாசிக்க 10 வாட் தாராளம். ஸ்பீக்கர் அளவுக்கு அதைவிட மதிப்பு அதிகம். 8 அங்குல ஸ்பீக்கரில் இருக்கும் அடித்தடிப்பு 5, 6 அங்குலத்தில் வராது. வால்வு ஆம்ப் ஆசை இருந்தால் ஒத்திப்போடுங்கள். 5 வாட் வால்வு ஆம்பே அதன் நல்ல ஒலிக்கு வரும்போது வீடு அதிரும்.

முதல் ஆம்பில் பார்க்க வேண்டியவை மூன்று: ஹெட்ஃபோன் ஜாக், பாட்டு ஓடவிட்டுக் கூட வாசிக்க ஆக்ஸ் (போனைக் கேபிளில் இணைக்கும் ஓட்டை) அல்லது புளூடூத், கெயினுக்கும் (உள்ளே சமிக்ஞையைப் பெருக்கும் அளவு) வால்யூமுக்கும் தனித்தனிக் குமிழ். தனித்தனியாக இருந்தால்தான் சத்தத்தை ஏற்றாமல் டிஸ்டார்ஷன், அதாவது ராக் பாட்டில் கேட்கும் உறுமல் ஒலி, கிடைக்கும். கடையில் முதலில் கிளீன் சேனலை (டிஸ்டார்ஷன் இல்லாத ஒலி) குறைந்த சத்தத்தில் கேளுங்கள். டிஸ்டார்ஷன் பல குறைகளை மூடிவிடும், கிளீன் ஒலி எதையும் மறைக்காது. எளிமையாக வேண்டுமென்றால் ஆரஞ்ச் கிரஷ் 12, வாக்ஸ் பாத்ஃபைண்டர் 10 இரண்டும் குமிழ் குறைந்த, நல்ல குரல் உள்ள பெட்டிகள்; ஆனால் இரண்டிலும் ஆக்ஸோ புளூடூத்தோ கிடையாது, ஸ்பீக்கரும் 8 அங்குலத்தைவிடச் சிறியது. பல ஆம்புகளின் ஒலி ஒரே பெட்டியில் வேண்டுமென்றால் ஃபெண்டர் மஸ்டாங் எல்டி25, பாஸ் கட்டானா வரிசை. ஆனால் நூறு ப்ரீசெட் (தயார் ஒலி அமைப்பு) இருக்கிற ஆம்பில் வாசிப்பதற்குப் பதில் குமிழ் திருகியே மாலை முழுவதும் போய்விடும் ஆபத்து உண்டு. இரண்டு ஒலியைத் தேர்ந்தெடுத்துச் சேமித்துவிட்டு மற்றதை மறந்துவிடுங்கள்.

புளூடூத் பாட்டைக் கேட்கச் சரி, உங்கள் கிட்டாரையே புளூடூத் ஹெட்ஃபோனில் கேட்கச் சரிவராது. மீட்டியதற்கும் கேட்பதற்கும் நடுவில் விழும் தாமதம் தாளத்தைக் குலைத்துவிடும். வயர் ஹெட்ஃபோன்தான்.

கம்ப்யூட்டர் ஏற்கனவே இருந்தால் ஆம்புக்குப் பதில் ஆடியோ இன்டர்ஃபேஸ், அதாவது கிட்டாரைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி, வாங்குவதும் நல்ல வழி. இன்ஸ்ட்ருமென்ட் இன்புட் இருக்க வேண்டும், அது சுமார் 1 மெகாஓம் மின்தடை உள்ளது. லேப்டாப்பின் மைக் ஓட்டையில் நேராகச் செருகினால் பிக்கப்பின் மேல் சுமை ஏறி ஒலி மங்கிப்போகும். ஆம்பின் ஒலியைக் கம்ப்யூட்டரிலேயே தரும் நியூரல் ஆம்ப் மாடலர் போன்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. கம்ப்யூட்டர் ஒலியைத் துண்டு துண்டாகச் சேர்த்து அனுப்பும் பஃபரை 128 சாம்பிளில் வையுங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் அது 2.7 மில்லிசெகண்ட். விண்டோஸில் இன்டர்ஃபேஸ் நிறுவனம் தரும் ஏசியோ டிரைவரைப் போடாவிட்டால் தாமதம் தாங்காது. மென்பொருளில் கிட்டார் ஸ்பீக்கரைப் போல ஒலிக்கச் செய்யும் கேபினெட் சிமுலேஷனை அணைக்காதீர்கள். கிட்டார் ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் பெரும்பாலும் பேசாது. சாதாரண ஸ்பீக்கர் பேசும், அதனால்தான் டிஸ்டார்ஷன் அதில் காதைக் கிழிக்கிறது.

கிட்டாரும் ஆம்பும் ஒரே அட்டைப்பெட்டியில் வரும் ஸ்டார்ட்டர் பேக்குகளில் கிட்டார் பெரும்பாலும் பரவாயில்லை, ஆம்பும் கேபிளும்தான் பலவீனம். தனித்தனியாக வாங்கப் பணம் எட்டினால் தனித்தனியாகவே வாங்குங்கள். கேபிள் 3 மீட்டர் போதும், பிளக்கைத் திருகித் திறக்க முடிகிற வகையாகப் பாருங்கள், விட்டுப்போனால் சால்டர் வைக்கலாம். பிக் (கம்பியை மீட்டும் சிறு தகடு) 0.7 மில்லிமீட்டர் அளவில் இரண்டு மூன்று, கிளிப் டியூனர் ஒன்று, மாற்றுக் கம்பி இரண்டு செட்.

வீட்டில் இணைத்ததும் இரைச்சல் வந்தால் கம்பியைத் தொட்டுப் பாருங்கள். தொட்டால் குறைகிறதா, கிட்டாரின் எர்த் சரியாக இருக்கிறது, பயப்பட வேண்டாம். தொட்டால் கூடுகிறதா, ஜாக்கில் வயர் மாறியிருக்கிறது, வாங்கிய இடத்துக்கே திருப்பிக் கொண்டுபோங்கள். இரைச்சலைக் குறைக்கிறேன் என்று ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னை ஒருபோதும் வெட்டாதீர்கள். ஆம்புக்குள் கோளாறு வந்தால் கிட்டார் கம்பி வழியாக மின்சாரம் பாய்ந்து உயிருக்கே ஆபத்தாகும்.

புதுக் கம்பி போட்ட முதல் சில நாள் சுருதி இறங்கிக்கொண்டேதான் இருக்கும். ஒவ்வொரு கம்பியையும் மெதுவாக மேலே இழுத்து விட்டு மறுபடி சேருங்கள். அதன் பிறகும் நிற்கவில்லை, தலைப்பகுதியில் கம்பியை முறுக்கும் சாவியைத் திருப்பும்போது 'டிங்' என்று ஒரு சத்தம் வருகிறது என்றால் கம்பி நட்டில் மாட்டிக்கொள்கிறது. கம்பியைத் தூக்கிவிட்டு, பென்சில் முனையை அந்தப் பள்ளத்தில் நான்கு தடவை தேயுங்கள். சாவி செட்டையே மாற்றச் சொல்பவர்கள் சொல்வதைக் கேட்பதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.