வகுப்பதற்கு முன்னால்

உணவுக் கணக்குப் போடுவது என் வேலை. ஒரு நாட்டில் விளைந்தது, இறக்குமதியானது, கையிருப்பிலிருந்து எடுத்தது எல்லாவற்றையும் கூட்டுவோம். ஏற்றுமதியையும் சாப்பாட்டுக்கு வராத மற்றதையும் கழித்து, மிச்சத்தை மக்கள்தொகையால் வகுத்தால், ஆளுக்கு ஒரு நாளைக்கு இத்தனை கலோரி என்று ஓர் எண் வரும். இதைக் கேட்டவர்கள் அடுத்துக் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "ஜனத்தொகை இப்படியே ஏறினால் சாப்பாட்டுக்கு எங்கே போவது?"

1798-ல் ஆங்கிலேயப் பொருளியலாளர் மால்தஸுக்கு வந்த கவலையும் அதுவே. அன்று உலகில் 100 கோடிப் பேர்கூட இல்லை; 2022-ல் 800 கோடியைத் தொட்டோம். 1961-லிருந்து பார்த்தால் மக்கள்தொகை இரண்டரை மடங்கைச் சற்றே தாண்டியிருக்கிறது, தானிய விளைச்சலோ மூன்று மடங்குக்கு மேல். காற்றிலுள்ள நைட்ரஜனை உரமாக்கும் ஹேபர்-பாஷ் முறையையும் அமெரிக்க வேளாண் அறிஞர் போர்லாகின் அதிக விளைச்சல் தரும் குட்டைக் கோதுமையையும் மால்தஸ் எப்படிக் கண்டிருக்க முடியும்? அவரைக் கேலி செய்வதில் எனக்கு விருப்பமில்லை.

என் நேரத்தைத் தின்பது, எங்கள் கணக்குத் தாளில் கழிக்க வேண்டிய பத்திகள்: விதை, தீவனம், ஆலைப் பயன்பாடு, சேதாரம். உலகத் தானியத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கால்நடைகளுக்குப் போகிறது. வருமானம் கூடும் நாடுகளில் தலைக்கணக்கு அவ்வளவாக அசையாதபோதும் தீவனப் பத்தி வீங்கும். மக்கள்தொகை வளர்ச்சி 1960-களில் ஆண்டுக்கு 2 சதவீதத்தைத் தொட்டது, இன்று 1-க்கும் கீழ். ஆகவே எத்தனை பேர் என்பதைவிட, என்ன சாப்பிடுகிறார்கள் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

சேதாரப் பத்தியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பல நாடுகளில் அதை யாரும் நேரில் அளப்பதில்லை. ஏதோ ஒரு சதவீதத்தைப் போட்டு நிரப்புகிறோம். வீட்டுக் குப்பைக்கூடைக்குப் போவது அதில் சேர்வதே இல்லை. வகுக்கும் எண்ணும் மதிப்பீடுதான். புதிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்ததும் பழைய ஆண்டுகளைத் திருத்துவோம். யாரும் ஒரு பிடி கூடவோ குறையவோ உண்ணாமலே தலா கலோரி மாறிவிடும்!

உலகச் சராசரி இப்போது 3,000 கலோரியை ஒட்டி நிற்கிறது. அதே உலகில் ஏறத்தாழ 70 கோடிப் பேருக்குப் போதிய உணவில்லை. 1943 வங்கப் பஞ்சத்தை ஆராய்ந்த அமர்த்திய சென், விளைச்சல் குறைவு மட்டுமே அந்தச் சாவுகளை விளக்காது என்றார். விலை ஏற, கூலிக்காரர்களால் அரிசி வாங்க முடியவில்லை. எங்கள் தாளில் கூலிக்குப் பத்தி கிடையாது. அதைக் குடும்பச் செலவு ஆய்வு செய்பவர்களிடம்தான் கேட்க வேண்டும்.