எம்.ஜி.பி. ஹீட்டர் பெட்டி: கழற்றியது முதல் மாட்டியது வரை

எம்.ஜி.பி. என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் ஹீட்டர் பேருக்குத்தான் இருக்கிறது, சூடு வராது என்று இங்கிலாந்தில் பழைய கார் வைத்திருப்பவர்கள் பலரும் சொல்வார்கள். கால் பக்கம் ஏதோ வெதுவெதுப்பாக வரும், முன் கண்ணாடியில் படிந்த ஆவி போகாது, ஒரு கையால் துடைத்துக்கொண்டே ஓட்ட வேண்டும் என்பார்கள். அதில் எனக்கு இப்போது உடன்பாடு இல்லை. என்னுடைய 1971 ஜி.டி.யின் (நிலையான கூரை உள்ள எம்.ஜி.பி.) ஹீட்டர் பெட்டியை முழுசாகப் பிரித்து, துரு எடுத்து, உள்ளே இருந்த ஃபோம் அத்தனையையும் மாற்றி மாட்டினேன். சூடு தரும் குட்டி ரேடியேட்டர் அதே பழையதுதான். மோட்டாரும் அதேதான். ஆனால் இப்போது ஜனவரி மாதக் காலையிலும் கண்ணாடி தெளிகிறது. இந்த ஹீட்டருக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்தது வடிவமைப்பு இல்லை, மட்கிப்போன ஃபோம்தான் என்பது என் முடிவு. இதே வேலையைத் தொடங்கப் போகிறவர்களுக்காக, நான் செய்ததை எழுதுகிறேன்.

எம்.ஜி.பி. 1962 முதல் 1980 வரை ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே உள்ள அபிங்டன் தொழிற்சாலையில் தயாரானது. தொடக்க காலத்தில் ஹீட்டரே தனிக் காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருள். எஞ்சினுக்குப் பின்னால், எஞ்சினையும் காரின் உட்பகுதியையும் பிரிக்கும் தகரச் சுவரான ஃபயர்வாலின் நடுவே ஒரு மேடை போன்ற இடத்தில் இந்தத் தகரப் பெட்டி உட்கார்ந்திருக்கும். முன் கண்ணாடிக்குக் கீழே உள்ள கம்பித்தட்டி வழியாக வெளிக்காற்று நுழைந்து பெட்டிக்குள் வரும். பெட்டியில் உள்ள விசிறி அந்தக் காற்றைக் குட்டி ரேடியேட்டர் வழியாகத் தள்ளும். எல்லோரும் அதை மேட்ரிக்ஸ் என்பார்கள். எஞ்சினில் சூடான தண்ணீர் அதற்குள் ஓடும். சூடான காற்று பெட்டியின் அடியில் உள்ள வாய் வழியாகக் காருக்குள் இறங்கும். கண்ணாடிக்கு எவ்வளவு, காலுக்கு எவ்வளவு என்பதை உள்ளே இருக்கும் ஒரு மடிப்புத் தகடு பார்த்துக்கொள்ளும். அவ்வளவுதான் அமைப்பு. மிக எளிமையானது. எளிமையாக இருப்பதால்தான் ஒரு இடுக்கு விட்டுப்போனாலும் எல்லாம் கெடுகிறது: காற்று எப்போதும் சுலபமான வழியைத் தேடும். மேட்ரிக்ஸின் நெருக்கமான மெல்லிய தகட்டு இதழ்களுக்குள் புகுந்து போவதைவிட, அதைச் சுற்றியுள்ள இடைவெளியில் குளிராகவே நழுவிப் போவது அதற்குச் சுலபம்.

முதலில் ஹீட்டரைத் தொங்கவிட்டு, அப்புறம் அதைச் சுற்றித்தான் அபிங்டனில் காரைக் கட்டினார்கள் என்று இங்கே ஒரு பேச்சு உண்டு. முழுக் காரில் இருந்து கழற்றியவர்களுக்கு அது ஏன் என்று புரியும். என் கார் பெயிண்ட் வேலைக்காக எலும்புக்கூடாக நின்றது. எஞ்சின், கியர்பாக்ஸ், டாஷ்போர்டு எதுவும் இல்லை. இந்த வேலைக்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது. காரைப் பிரித்திருக்கிறீர்கள், ஹீட்டரை மட்டும் தொடாமல் விடலாமா என்று யோசிக்கிறீர்கள் என்றால், விடாதீர்கள். எல்லாம் மாட்டிய பிறகு உள்ளே ஒழுகினால் ரேடியோ கன்சோல், காற்றுக் குழாய்கள், தரைவிரிப்பு எல்லாவற்றையும் மறுபடி கழற்ற வேண்டும்.

கழற்றும்போது பெட்டியின் விளிம்பில் உள்ள திருகுகளுக்கு முதல் நாளே துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவைத்தேன். காருக்குள் இருந்து பார்த்தால் இரண்டு பக்கமும் கண்ணாடிக்குப் போகும் குழாய்கள் தெரியும். அவற்றை இழுத்து விடுவித்தேன். பெட்டியைக் கொஞ்சம் தூக்கிய பிறகுதான் மடிப்புத் தகட்டை இயக்கும் கேபிளின் திருகு கைக்கு எட்டும். அதைத் தளர்த்தாமல் பெட்டியை இழுத்தால் கேபிள் மடங்கிவிடும். மேட்ரிக்ஸில் எவ்வளவு வடித்தாலும் கொஞ்சம் தண்ணீர் தங்கி நிற்கும், கீழே ஒரு பாத்திரம் வைத்துக்கொள்வது நல்லது. எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட் இனிப்பாக இருக்கும், நாய் பூனை நக்கினால் உயிருக்கே ஆபத்து. சிந்தினால் உடனே துடைத்துவிடுங்கள்.

முன்பக்க மூடியை ஸ்பிரிங் கிளிப்புகள் பிடித்திருக்கும். அவற்றை நெம்பி எடுத்ததும் மூடி வந்துவிட்டது. உள்ளே பார்த்தபோது எனக்கு எல்லாமே விளங்கிவிட்டது. பெட்டியின் அடியில் மட்கிய இலைத்தூள் ஒரு விரல் உயரத்துக்குப் படிந்திருந்தது. மேட்ரிக்ஸைச் சுற்றி ஒருகாலத்தில் ஃபோம் இருந்த இடத்தில் பழுப்பு நிறத்தில் ஏதோ ஒட்டியிருந்தது, தொட்டால் மாவாக உதிர்ந்தது. பெட்டியின் சுவருக்கும் மேட்ரிக்ஸுக்கும் நடுவே என் சுண்டுவிரல் தாராளமாகப் போய் வந்தது. சுற்றிலும் அதே கதை. விசிறி தள்ளிய காற்றில் எவ்வளவு அந்த வழியாகவே போயிருக்கும்! மூலையில் ஈரம் நின்ற இடத்தில் தகரம் துருப்பிடித்து, ஸ்க்ரூடிரைவர் முனை அழுத்தினால் உள்ளே போனது.

அந்த ஈரம் எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் பெட்டியை மட்டும் சரிசெய்து பயனில்லை. கம்பித்தட்டிக்குக் கீழே காற்று வரும் அறைக்குள் மழைநீரும் விழும். அதை வடிக்க ஒரு ரப்பர் குழாய் கியர்பாக்ஸ் சுரங்கத்தை ஒட்டிக் கீழே இறங்கும். என் காரில் அது இலைச்சேற்றால் முழுசாக அடைத்துக் கிடந்தது. வளையும் கம்பியை விட்டுக் குத்தி, தண்ணீர் விட்டு, கீழே பொலபொலவென்று கொட்டும்வரை கழுவினேன். பல எம்.ஜி.பி.களில் கால்வைக்கும் இடம் ஈரமாக இருப்பதற்கு இந்தக் குழாயும் ஒரு காரணம்.

துருவை எடுக்க மின்சார முறையைத்தான் தேர்ந்தெடுத்தேன். மெல்லிய தகரத்தில் கிரைண்டர் வைத்தால் நல்ல இரும்பும் சேர்ந்து போய்விடும். பெரிய பிளாஸ்டிக் தொட்டி, தண்ணீர், சலவை சோடா, பழைய பேட்டரி சார்ஜர் இருந்தால் போதும். மைனஸ் முனை பெட்டியில், பிளஸ் முனை வேண்டாத இரும்புத் துண்டில். இதை மாற்றிக் கொடுத்தால் பெட்டி கரையத் தொடங்கும். பிளஸ் பக்கம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடவே கூடாது. அதிலுள்ள குரோமியம் கரைந்து நச்சுக் கலவையாகிவிடும். இந்த வேலையில் ஹைட்ரஜன் வாயு வெளிவரும், அதனால் கராஜ் கதவைத் திறந்து வைத்து, சார்ஜரை அணைத்த பிறகே கிளிப்பைத் தொட வேண்டும். இப்போது கிடைக்கும் ஸ்மார்ட் சார்ஜர்கள் எதிரே பேட்டரி இருப்பதை உணர்ந்தால்தான் கரண்ட் விடும், அவை இதற்கு உதவாது. மோட்டார், மேட்ரிக்ஸ், மடிப்புத் தகட்டின் ஃபோம் எல்லாம் எடுத்துவிட்டு வெறும் தகரத்தைத்தான் முக்கினேன். வெளியே எடுத்து பிரஷ் போட்டுக் கழுவியதும் துரு கறுப்புச் சேறாக வழிந்து ஓடியது. உடனே ஹேர் டிரையரால் உலர்த்தி பிரைமர் அடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கண்முன்னேயே செம்பட்டை படியும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் உப்புத்தாள் போடும் இடங்களில் தண்ணீர் விட்டே தேய்த்தேன், முகமூடியும் போட்டுக்கொண்டேன்.

ஓட்டையான மூலையை வெட்டி எடுத்து, அதே கனத்தில் புதுத் தகடு வளைத்து, புள்ளி புள்ளியாக வெல்டிங் வைத்தேன். ஒரு புள்ளி இங்கே, அடுத்தது எதிர்ப்பக்கம் என்று மாற்றி மாற்றி வைத்தால் தகரம் முறுக்காது. இணைப்புகளில் சீலர் பூசி, கறுப்பு பெயிண்ட் அடித்தாயிற்று.

மேட்ரிக்ஸைப் புதிதாகவே வாங்கிவிடலாம் என்று பலர் சொன்னார்கள். என் கருத்து வேறு. இது செம்பும் பித்தளையும் சேர்த்து ஈயப்பற்று வைத்தது. ஒழுகாதவரை பழையதைத் தூக்கிப் போட வேண்டாம். இப்போது விற்பவற்றில் சிலவற்றின் குழாய் முனைகள் சில மில்லிமீட்டர் தள்ளி இருக்கின்றன, மூடியின் ஓட்டையோடு பொருந்துவதில்லை. தோட்டத்துக் குழாயை மாட்டி, வழக்கமாகத் தண்ணீர் வெளியேறும் பக்கத்திலிருந்து எதிர்த்திசையில் விட்டேன். முதலில் வந்தது காப்பி நிறத் தண்ணீர். சிட்ரிக் அமிலம் கலந்த வெந்நீரை ஊற்றி ஊறவைத்து மறுபடி அலசியபோது மணல் போல ஏதோ விழுந்தது, பிறகு தெளிந்தது. ஒரு முனையை அடைத்து, மற்ற முனையில் சைக்கிள் பம்பு வைத்து, வாளித் தண்ணீரில் முக்கி, காற்றழுத்தத்தை 15 பி.எஸ்.ஐ. வரை ஏற்றிப் பார்த்தேன். குமிழி எதுவும் வரவில்லை. வந்திருந்தால் ரேடியேட்டர் பட்டறைக்குக் கொண்டுபோயிருப்பேன். வளைந்திருந்த இதழ்களை மட்டும் ஒரு மெல்லிய கத்தியால் நிமிர்த்தினேன்.

மோட்டாரில் பெரிதாக எதுவும் இல்லை. பழைய கிரீஸைத் துடைத்து, சுழலும் பகுதிக்குக் கரண்ட் வாங்கித் தரும் செம்பு வளையமான கம்யூட்டேட்டரை மென்மையான உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்து, தண்டு சுழலும் இரு முனைப் புஷ்களிலும் ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டதும் இரைச்சல் குறைந்தது. பெட்டியில் மாட்டும் முன் பேட்டரியில் கொடுத்து விசிறி சரியான திசையில் சுற்றுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 1967 வரை வந்த எம்.ஜி.பி.களில் பாடியோடு சேர்வது பேட்டரியின் பிளஸ் முனை. அப்புறம்தான் மைனஸுக்கு மாறினார்கள். பழைய காரின் மோட்டாரைப் புதிய காரில் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இனி ஃபோம். இந்த வேலையில் நான் அதிக நேரம் செலவிட்டது இங்கேதான், செலவிட வேண்டியதும் இங்கேதான். மெத்தைக் கடை ஃபோம் வேண்டாம். அது தண்ணீரைக் குடித்துக்கொண்டு தகரத்தோடு ஒட்டி நிற்கும், சில வருடங்களில் அதே மூலை மறுபடி ஓட்டையாகும். துளைகள் மூடிய, தண்ணீர் உறிஞ்சாத, சூடு தாங்கும் ரப்பர் ஃபோம் பட்டைகள் வெவ்வேறு கனத்தில் கிடைக்கின்றன. மேட்ரிக்ஸின் நான்கு பக்கமும் இடைவெளியை அளந்து, அதைவிடக் கொஞ்சம் கனமான பட்டையை ஒட்டினேன். மேட்ரிக்ஸைத் தள்ளும்போது கையில் ஓர் எதிர்ப்பு தெரிய வேண்டும். வழுக்கிக்கொண்டு உள்ளே போனால் பட்டை போதாது என்று அர்த்தம். மூலைகளில் பட்டைகளை முனையோடு முனை சேர்க்காமல் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றினேன். காற்று தப்பிப்பது பெரும்பாலும் மூலையில்தான்.

சரி, அடைந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? இரவில் கராஜ் விளக்கை அணைத்துவிட்டு, பெட்டிக்குள் டார்ச்சை எரியவிட்டு, மறுபக்கம் இருந்து பார்த்தேன். மேட்ரிக்ஸின் இதழ்கள் வழியாக மங்கலாக வெளிச்சம் வரலாம், ஆனால் அதன் ஓரத்தில் பளிச்சென்று கோடு தெரியக் கூடாது. கீழ் மூலையில் ஒரு கோடு தெரிந்தது, அங்கே சின்னத் துண்டு ஒன்று சேர்த்ததும் மறைந்தது. மடிப்புத் தகட்டின் விளிம்பிலும் இதே சோதனைதான். அது முழுசாக மூடினால்தான் காற்றெல்லாம் கண்ணாடிக்குப் போகும்.

பெட்டிக்கும் ஃபயர்வால் மேடைக்கும் இடையில் வரும் ஃபோமுக்குச் சூடோடு இன்னொரு பொறுப்பும் உண்டு. எஞ்சின் பக்கத்துப் புகையும் எண்ணெய் வாடையும் காருக்குள் வராமல் தடுப்பது அதுதான். அதை அரைகுறையாக விடாதீர்கள். பெட்டியை இறக்கும்போது இந்தப் பட்டை உரசிப் பிய்ந்துகொள்ளும் என்று அனுபவசாலிகள் எச்சரித்திருந்தார்கள். அதனால் ஃபோம்மீது சோப்புத் தண்ணீர் தடவிக்கொண்டேன். என்னோடு வேலை பார்த்த நண்பர் காருக்குள் படுத்துக்கொண்டு, "இடது பக்கம் இன்னும் கொஞ்சம், அப்படியே விடுங்க" என்று சொல்லச் சொல்ல இறக்கினேன். பாதியில் நிறுத்தி கேபிளை மாட்டி, கேபிளின் மறுமுனையில் உள்ள, பின்னால் டாஷ்போர்டில் மாட்ட வேண்டிய குமிழை இரண்டு கோடிக்கும் திருப்பி, தகடு முழுசாகத் திறந்து மூடுகிறதா என்று பார்த்த பிறகுதான் கடைசிவரை இறக்கியது. எல்லாத் திருகுகளையும் பேருக்கு மாட்டிவிட்டு, அப்புறம் ஒவ்வொன்றாக இறுக்கினால் ஓட்டைகள் பொருந்தும். டாஷ்போர்டு வருவதற்கு முன்பே கண்ணாடிக் குழாய்களைப் பொருத்திவிட்டேன்.

எஞ்சினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டின் பின்பக்கம் உட்கார்ந்து, மேட்ரிக்ஸுக்குப் போகும் சுடுதண்ணீரைத் திறந்து மூடும் ஹீட்டர் வால்வை மட்டும் புதிதாக மாற்றினேன், கேஸ்கட்டோடு. அரை அங்குல ஹோஸ்களும் புதியவை. தண்ணீர் நிரப்பும்போது வால்வு திறந்திருக்க வேண்டும். மேட்ரிக்ஸ் உயரத்தில் இருப்பதால் உள்ளே காற்று சிக்கிக்கொள்ளும். காரின் மூக்கை மேடான பக்கம் நிறுத்தி, மேல் ஹோஸைக் கழற்றி அது வழியாகவே மெதுவாக ஊற்றினால் காற்று வெளியேறிவிடும். எஞ்சின் தண்ணீரின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டிலும், குளிர்காலத்துக்கு 82 டிகிரிக்குப் பதில் 88 டிகிரி போட்டிருக்கிறேன். குளிர் நாடுகளுக்கு என்று கம்பெனியே சொன்ன அளவுதான் அது.

வெளியே 4 டிகிரி இருந்த ஒரு காலையில் எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு கால் பக்கம் தெர்மாமீட்டர் வைத்தேன், 50 டிகிரியைத் தாண்டியது. கண்ணாடியின் இரண்டு கீழ் ஓரங்களில் இருந்தும் ஆவி விலகத் தொடங்கி நடுவில் வந்து சேர்ந்தது. இனி செய்ய வேண்டியது ஒன்றுதான். இலையுதிர் காலம் முடிந்ததும் கம்பித்தட்டியைச் சுத்தம் செய்து, ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி, வடிகுழாய் வழியாகக் கீழே வருகிறதா என்று பார்க்க வேண்டும். மரத்தடியில் நிறுத்துகிறவர்கள் மாதம் ஒருமுறை பாருங்கள்.