"பிராக்டிகல் மார்க் குறைச்சிடுவாரா மிஸ்?"

"சாருக்கு ரிப்ளை பண்ணலேன்னா பிராக்டிகல் மார்க் குறைச்சிடுவாரா மிஸ்?"

மதிய இடைவேளையில் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தபோது பிளஸ் டூ மாணவி ஒருத்தி என்னிடம் கேட்டது இது. நான் அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. அவள் சொன்ன "சார்" எங்கள் பள்ளியில் அறிவியல் பாடம் எடுப்பவர். நன்றாகப் பாடம் நடத்துவார், சனிக்கிழமையும் வந்து சிறப்பு வகுப்பு எடுப்பார், பெற்றோர்களிடம் நல்ல பெயர். எனக்கும் அவர் மேல் மரியாதை இருந்தது.

என்ன ரிப்ளை என்று கேட்டேன். அம்மாவின் போனைக் கொண்டு வந்து காட்டினாள். வாட்ஸ்அப்பில் 37 நாள் உரையாடல். முதல் வாரம் முழுக்க ரெக்கார்டு நோட்டு, டெஸ்ட் தேதி. இரண்டாவது வாரம் "சாப்பிட்டியா", "தூங்கலையா". அப்புறம் "உன்கிட்ட பேசினாதான் எனக்கு மனசு லேசாகுது". அதற்கப்புறம் "அம்மா பக்கத்துல இருக்காங்களா?", "படிச்சதும் டெலீட் பண்ணிடு". நேரம் பார்த்தால் பெரும்பாலும் இரவு பத்தரைக்கு மேல்.

ஆபாசமான வார்த்தை ஒன்றுகூட இல்லை. முதலில் எனக்கே ஒரு நொடி குழப்பமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தபோது குழப்பம் போய்விட்டது. பிளஸ் டூ அறிவியல் பாடத்தில் செய்முறைத் தேர்வுக்கு 20 மதிப்பெண், அகமதிப்பீட்டுக்கு 10. கல்லூரியில் இடம் கிடைக்குமா என்று பயந்துகொண்டிருக்கும் பதினேழு வயதுப் பெண்ணுக்கு, அந்த 30 மதிப்பெண்ணும் அவர் கையில் இருப்பதாகவே தெரியும். செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வருவார் என்று நான் சொன்னபோதும் அவள் நம்பவில்லை.

அன்று நான் ஒரு தவறு செய்தேன். நேராகத் தலைமையாசிரியரிடம் போய்ச் சொல்லிவிட்டு, அவர் பார்த்துக்கொள்வார் என்று வீட்டுக்குப் போய்விட்டேன். "பெற்றோர் எழுத்துல கொடுக்கட்டும் டீச்சர், முதல்ல நாமளே கூப்பிட்டு விசாரிப்போம்" என்றார் அவர். நியாயமாகத்தான் பட்டது. அன்று மாலையே அந்த ஆசிரியரைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். இரவே அந்த ஆசிரியர் கடைசி இரண்டு நாள் செய்திகளை ஒவ்வொன்றாக "அனைவருக்கும் நீக்கு" போட ஆரம்பித்துவிட்டார். மாணவியின் வீட்டுக்கும் போன் செய்து, "உங்க பொண்ணு ஏதோ தப்பாப் புரிஞ்சுக்கிட்டா" என்று அம்மாவிடம் பேசியிருக்கிறார். நல்லவேளையாக நான் மதியமே சில பக்கங்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அந்தப் போனிலேயே வைத்திருக்கச் சொல்லியிருந்தேன்.

போக்சோ சட்டத்தை நான் ஒழுங்காகப் படித்தது அந்த இரவுதான். பணிக்கு வந்து பதினான்கு வருஷம் ஆகியும் அதைப் பயிற்சி வகுப்பில் கேட்டதோடு சரி. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்க 2012-ல் வந்த சட்டம். அதன் 19-ஆம் பிரிவு, இப்படி ஒரு குற்றம் நடந்தது தெரிந்தாலோ நடக்கலாம் என்று அஞ்சினாலோ போலீசுக்குச் சொல்வது யாராக இருந்தாலும் கடமை என்கிறது. பெற்றோரின் புகாருக்குக் காத்திருக்கச் சொல்லவில்லை. பள்ளியே விசாரித்து முடிவு செய்துகொள்ளலாம் என்றும் சொல்லவில்லை. சொல்லாமல் மறைத்தால் 21-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை. நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர், தனக்குக் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை மறைத்தால் ஒரு வருடம் வரை. நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர் மேல் வழக்கு வராது என்பதும் அதே 19-ஆம் பிரிவில் இருக்கிறது. பாலியல் நோக்கத்தோடு ஒரு குழந்தையை மின்னணு வழியில் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வதை 11-ஆம் பிரிவு பாலியல் தொல்லை என்கிறது. அதற்கு 12-ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை தண்டனை. அந்த நோக்கம் இருந்ததா இல்லையா என்று முடிவு செய்வது என் வேலையோ தலைமையாசிரியர் வேலையோ இல்லை என்பது அப்போதுதான் தெளிவாகப் புரிந்தது.

மறுநாள் காலை குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழைத்தேன். கல்வித் துறையின் 14417 எண்ணும் இருக்கிறது, அதிலும் சொன்னேன். அதற்கு முன்பு மாணவியின் அம்மாவைப் போய்ப் பார்த்தேன்.

அவருக்குப் போலீஸ் என்ற வார்த்தையே பிடிக்கவில்லை. "பேர் வெளிய வந்தா இவ வாழ்க்கை என்னாகும் டீச்சர்?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்த மாணவியை அடையாளம் காட்டும் எதையும், படிக்கும் பள்ளியின் பெயரைக்கூட, ஊடகங்கள் வெளியிடக் கூடாது என்று 23-ஆம் பிரிவு சொல்வதைக் காட்டினேன். வாக்குமூலம் வாங்க ஸ்டேஷனுக்குக் கூப்பிடக் கூடாது, வீட்டுக்கே வருவார்கள், சீருடையில் வர மாட்டார்கள் என்றும் சொன்னேன். அவர் நம்பவில்லை. மகளிர் காவல் நிலையத்திலிருந்து பெண் உதவி ஆய்வாளர் ஒருவர் சுடிதாரில் வந்து, அம்மா பக்கத்தில் இருக்க, அரை மணி நேரம் பேசிவிட்டுப் போன பிறகுதான் நம்பினார். போலீஸ் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தகவல் கொடுத்தாக வேண்டும், கொடுத்தார்கள். அந்தக் குழு ஒரு ஆதரவு நபரை நியமித்தது. இந்த ஏற்பாடு இருப்பதே பலருக்குத் தெரியாது. விசாரணைக்கு எங்கே போனாலும் கூட வந்து, அடுத்து என்ன நடக்கும் என்று மாணவிக்குச் சொல்பவர் அவர். அந்தப் பெண்மணி இல்லாவிட்டால் பாதி வழியிலேயே அம்மா புகாரைத் திரும்பப் பெற்றிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

போன் சாட்சியமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. வீட்டில் இருந்ததே அந்த ஒரு போன்தான். அதைக் கொடுப்பதற்கு முன் உரையாடல் முழுவதையும் வெளியே எடுத்து, தேதி நேரத்தோடு அச்செடுத்து, அம்மாவிடம் ஒரு பிரதி வைத்தோம். பின்னால் நடந்த எல்லாவற்றிலும் பெரிய உதவியாக இருந்தது இதுதான்.

மூன்றாம் நாள் அந்த ஆசிரியரைப் பணியிடை நீக்கம் செய்து உத்தரவு வந்தது. இதை வேலை போய்விட்டது என்று நிறையப் பேர் நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை. இது தண்டனையே இல்லை. விசாரணை முடியும்வரை தள்ளி வைக்கிறார்கள், பிழைப்பூதியமாகப் பாதிச் சம்பளம் போகும். உண்மையான துறை நடவடிக்கை, குற்றச்சாட்டுகளை எழுதிக் கொடுக்கும் சார்ஜ் மெமோவில்தான் தொடங்குகிறது. தமிழ்நாடு குடிமைப் பணி ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகளில் 17(ஏ) என்றால் சிறிய தண்டனைக்கான வழி. விளக்கம் வாங்கிக்கொண்டு கண்டனம், ஊதிய உயர்வு நிறுத்தம் என்று முடித்துவிடலாம். 17(பி) என்றால் முழு விசாரணை. கட்டாய ஓய்வு, பணிநீக்கம், அதற்கும் மேலே டிஸ்மிஸ் வரை போகலாம். எங்கள் அலுவலகத்தில் முதலில் 17(ஏ) போதும் என்று பேச்சு அடிபட்டது. போலீசில் வழக்குப் பதிவாகியிருந்ததால் 17(பி) ஆயிற்று.

இந்த மாதங்களில் ஆசிரியர் அறையில் எனக்கு நேர்ந்ததைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதற்குப் பயந்துதான் பலர் வாயைத் திறப்பதில்லை. என்னோடு பத்து வருஷம் சாப்பாட்டு டப்பாவைப் பகிர்ந்துகொண்டவர்கள் எழுந்து போனார்கள். "ஒரு குடும்பத்தைக் கெடுத்துட்டீங்களே" என்றார் ஒருவர். இன்னொரு ஆசிரியை, அவருக்கும் பெண் குழந்தை உண்டு, என்னிடம் சொன்னார்: "அந்தப் பொண்ணும்தான் ரிப்ளை பண்ணியிருக்கா. ஸ்மைலி போட்டிருக்காளே."

ஆமாம், போட்டிருந்தாள். அதை நான் அந்தப் பெண்ணிடமே ஒருநாள் மெதுவாகக் கேட்டேன். "எதுவும் போடலேன்னா மறுநாள் லேப்ல எல்லார் முன்னாடியும் என்ன கோபமான்னு கேப்பாரு மிஸ். ஸ்மைலி போட்டா அதோட விட்டுருவாருன்னு நினைச்சேன்" என்றாள். பெரியவர் ஒருவரிடமிருந்து மரியாதை கெடாமல் தப்பிப்பதற்கு அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். விசாரணையில் அந்த ஸ்மைலிகளை எண்ணிக் காட்டினார்கள்.

துறை விசாரணை வேறொரு அலுவலகத்தில் நடந்தது. குற்றச்சாட்டுகள் மூன்று. இரவு நேரங்களில் பாடத்துக்குத் தொடர்பில்லாமல் மாணவியோடு தனிப்பட்ட உரையாடல்; அதைப் பெற்றோரிடமிருந்து மறைக்கச் சொன்னது; பதில் சொல்லாவிட்டால் மதிப்பெண் பாதிக்கும் என்ற பயத்தை உண்டாக்கியது. மூன்றுமே அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1973-ன் 20-ஆம் விதிக்கு மாறானவை என்று எழுதியிருந்தார்கள்.

மாணவி அவர் எதிரே உட்கார்ந்து குறுக்கு விசாரணைக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று முதலில் சொன்னார்கள். அவள் வரவே மாட்டேன் என்றுவிட்டாள். அப்போது ஆதரவு நபர்தான் ஒரு தீர்ப்பைத் தேடிக் கொண்டுவந்தார். 1996-ல் நவோதயா வித்யாலயா ஆசிரியர் ஒருவர் வழக்கில், மாணவிகளைக் குறுக்கு விசாரணைக்கு உட்படுத்தாமலே எடுத்த நடவடிக்கையை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அதைக் குறிப்பிட்டு அம்மா எழுத்தில் மனு கொடுத்தார். விசாரணை அலுவலர் நல்ல மனிதர். கேள்விகளை எழுதி வாங்கி, தேவையில்லாதவற்றை அடித்துவிட்டு, பக்கத்து அறையில் அம்மாவையும் ஆதரவு நபரையும் வைத்துக்கொண்டு மாணவியிடம் பதில் வாங்கினார். வாய்ப்பு மறுக்கப்பட்டது என்று அந்த ஆசிரியரும் பின்னால் சொல்ல முடியாதபடி அவர் கேட்க வேண்டியதைக் கேட்கவிட்டார்.

என் முறை வந்தது. அந்த ஆசிரியருக்கு உதவியாக வந்திருந்த சக ஊழியர் அச்செடுத்த தாள்களிலிருந்து ஒரு வரியைப் படித்தார். "சாப்பிட்டியா. இதுல என்ன தப்பு இருக்கு, சொல்லுங்க மேடம்."

நான் இதற்குத் தயாராகப் போயிருந்தேன். அந்த ஒரு வரியில் ஒன்றுமில்லை என்றேன். 37 நாள் தாள்களையும் மேசையில் வரிசையாக வைத்தேன். பாடம் பற்றிய கடைசிச் செய்தி எந்தத் தேதி என்று காட்டினேன். பத்து மணிக்கு மேல் வந்தவற்றுக்குப் பென்சிலால் கோடு போட்டிருந்தேன். அவற்றுக்கு நடுவே, கடைசி இரண்டு நாள் பகுதியில், "இந்தச் செய்தி நீக்கப்பட்டது" என்று ஒரே இரவில் இருபதுக்கும் மேற்பட்ட வரிகள். என்ன எழுதியிருந்தார் என்பது போய்விட்டது. அந்த இடங்கள் மட்டும் அப்படியே இருந்தன. மதியம் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டில் அவற்றில் சில இருந்ததால், எவையெவை மறைக்கப்பட்டன என்று பொருத்திப் பார்க்க முடிந்தது. "அம்மா பக்கத்துல இருக்காங்களா?" என்பது அழிக்கப்பட்டிருந்தது. அதே நாளில் வந்த "சாப்பிட்டியா" அழிக்கப்படவில்லை. தப்பு எது என்று அவருக்கே தெரிந்திருக்கிறது சார் என்றேன். விசாரணை அலுவலர் தாள்களைத் தன் பக்கம் இழுத்துவைத்து வெகுநேரம் பார்த்தார்.

குற்ற வழக்கையும் துறை விசாரணையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது என்று அங்கேதான் கற்றுக்கொண்டேன். நீதிமன்றத்தில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். போனிலிருந்து எடுத்ததற்கு முறையான சான்றிதழ் வேண்டும். துறை விசாரணையில் இது நடந்திருக்க வாய்ப்பு அதிகமா என்று பார்த்தால் போதும். அதனால் வழக்கு முடியட்டும் என்று துறை காத்திருக்கத் தேவையில்லை. "கேஸ் முடியட்டும்" என்று சொல்லித் தள்ளிப்போட வந்த ஒவ்வொரு முறையும் அம்மா ஒரு கடிதம் எழுதினார். எழுதச் சொல்லிக் கொடுத்தேன்; பிறகு அவரே எழுதினார்.

முதல் இரண்டு குற்றச்சாட்டுகள் நிரூபணமாயின. மூன்றாவது ஆகவில்லை. மதிப்பெண் பற்றி அவர் லேபில் வாயால் சொன்னது, எழுத்தில் எதுவுமில்லை, அந்தப் பேட்சில் இருந்த வேறு யாரும் சாட்சி சொல்ல வரவில்லை. அவள் என்னிடம் முதன்முதலில் கேட்டதே அந்த மதிப்பெண்ணைத்தான். அறிக்கையின் பிரதியைக் கொடுத்து அவரிடம் மறுபடி விளக்கம் கேட்டு, கடைசியில் உத்தரவு போட்டார்கள்: பணிநீக்கம். அவர் மேல்முறையீடு செய்திருக்கிறார். போக்சோ வழக்கு இன்னும் நடக்கிறது.

ஒன்றை என்னால் மறக்க முடியவில்லை. இதற்கு முந்தைய வருஷம் அவர் போர்டில் தன் எண்ணை எழுதி, "டவுட் இருந்தா எப்ப வேணா மெசேஜ் பண்ணுங்க" என்று சொன்னதை நான் கதவோரம் நின்று கேட்டேன். எவ்வளவு அக்கறை என்று நினைத்துக்கொண்டு போனேன். இப்போது எங்கள் பள்ளியில் மாணவிகளுக்கு எது அனுப்புவதானாலும் பெற்றோர் இருக்கும் வகுப்புக் குழுவில்தான். 2021-ல் அரசு சொன்ன மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழு அதுவரை எங்கள் பள்ளியில் ஒரு தாளில் ஐந்தாறு கையெழுத்தாக மட்டும் இருந்தது, இப்போது கூடுகிறது. புதிய தலைமையாசிரியை வந்தபின் நடந்த மாற்றம்.

உத்தரவின் பிரதி பணிப்பதிவேட்டில் பதிவதற்காகப் பள்ளிக்கு வந்தபோது புதிய தலைமையாசிரியைதான் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். மாணவி அதற்குள் கல்லூரியில் இரண்டாம் வருஷம். அன்று மாலை அவளை அழைத்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"அதுல என் பேர் போட்டிருக்காங்களா மிஸ்?"

"இல்லம்மா. மாணவின்னு மட்டும்தான் இருக்கு."

"சரி மிஸ்" என்றாள். அப்புறம், மறுநாள் தனக்கு லேப் இருக்கிறது, ரெக்கார்டு எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டு வைத்தாள்.