மதிப்பெண் போடாத விடைத்தாள்கள்

முதலாண்டுப் பொறியியல் மாணவர்களுக்கு மெக்கானிக்ஸ் நடத்துகிறேன். பல வருடங்களாக ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் எங்கே தவறியது, ஏன் தவறியது என்று சிவப்பு மையில் எழுதித் தள்ளினேன். தாள் கைக்கு வந்ததும் முதல் பக்கத்து எண்ணைப் பார்ப்பார்கள், பக்கத்து பெஞ்சில் எத்தனை என்று எட்டிப் பார்ப்பார்கள், மடித்துப் பையில் வைத்துவிடுவார்கள். அடுத்த தேர்விலும் அதே பிழை. எனக்குக் கோபம்தான் வரும்.

1988-இல் கல்வி ஆய்வாளர் ரூத் பட்லர் பள்ளி மாணவர்களிடம் நடத்திய ஆய்வு பிறகு கண்ணில் பட்டது. குறிப்பு மட்டும் கிடைத்தவர்கள் முன்னேறினார்கள்; கூடவே மதிப்பெண்ணும் கிடைத்தவர்களுக்கு அந்தக் குறிப்பால் பலன் இல்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்த தேர்வில் மதிப்பெண்களை என் நோட்டிலேயே வைத்துக்கொண்டேன். தாளில் ஒரு வரி மட்டும்.

ஒரு மாணவியின் தாளைச் சொல்கிறேன். 6 மீட்டர் பீம் (உத்தரம்), இரு முனையிலும் தாங்கி, இடமுனையிலிருந்து 2 மீட்டரில் 12 கிலோநியூட்டன் சுமை. இடது ரியாக்‌ஷன் (தாங்கி மேல்நோக்கித் தரும் விசை) 8, வலது 4 வரவேண்டும். அவள் மாற்றிப் போட்டிருந்தாள். கூட்டினால் 12 சரியாக வந்துவிடுவதால் சந்தேகமே எழவில்லை. முன்பு என்றால் அடித்துவிட்டுச் சரியான விடையை நானே எழுதியிருப்பேன். இந்த முறை, "சுமை இருக்கும் இடத்து மொமென்ட்டை வலப்பக்கத்திலிருந்தும் போட்டுப் பார்" என்று மட்டும் எழுதினேன். மொமென்ட் என்றால் விசையைத் தூரத்தால் பெருக்கியது; எந்தப் பக்கமிருந்து போட்டாலும் ஒன்றாக வரவேண்டும்.

போட்டுப் பார்த்தாள். இடமிருந்து 4 × 2 = 8, வலமிருந்து 8 × 4 = 32. "மேடம், ரெண்டும் ஒத்து வரல" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது அவ்வளவு கஷ்டமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் அவளே, "சுமை இடப்பக்கத் தாங்கிக்குத்தான் கிட்ட இருக்கு. அப்ப அதுதான அதிகமா தாங்கணும்?" என்றாள். மறுபடி போட்டாள். இருபக்கமும் 16.

திருத்தி, ஏன் தவறியது என்று இரண்டு வரி எழுதித் தந்தால் இழந்த மதிப்பெண்ணில் பாதி திரும்பக் கிடைக்கும் என்றும் வைத்தேன். எண் தெரியாமல் தவித்தவர்களும் உண்டு. அவர்களுக்கு இரண்டு நாள் கழித்துச் சொன்னேன்.

டிசைன் புராஜெக்ட் அறிக்கைகளில்தான் திணறுகிறேன். அங்கே சுட்டிக்காட்ட ஒரு வரிப் பிழை கிடையாது. ஆரம்ப அனுமானமே ஆட்டம் காணும். இறுதி அறிக்கையைத் திருத்தி என்ன பயன்? இந்தப் பருவத்தில் முதல் வரைபடம் போட்டவுடனேயே கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.