இரும்புப் படகில் ஈரத்தோடு மல்லுக்கட்டு

பழைய நாரோபோட் (கால்வாயில் ஓடும் ஒடுங்கிய, நீளமான படகு) ஒன்றை வாங்கி அதிலேயே குடியேறப் போகிறோம் என்றதும் உறவினர், நண்பர் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: குளிருக்கு என்ன செய்வீர்கள்? அடுப்பும் கரியும் கடையில் கிடைக்கின்றன. குளிர், காசு கொடுத்தால் தீர்கிற சங்கதி. ஈரத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. இங்கிலாந்தின் உள்நாட்டுக் கால்வாய்களில் ஓர் இரும்புப் பெட்டிக்குள் குளிர்காலத்தைக் கழித்தவர்களிடம் கேளுங்கள், ஈரத்தின் கதையைத்தான் சொல்வார்கள்.

படகு 1980களில் கட்டப்பட்டது. நீளம் 57 அடி, அகலம் 6 அடி 10 அங்குலம். அகலம் நம் விருப்பத்தில் இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் நடுப்பகுதியான மிட்லாண்ட்ஸில் கால்வாய் வெட்டியவர்கள் லாக்குகளை (நீர்மட்டத்தை ஏற்றி இறக்கிப் படகைக் கடத்தும் கதவுத் தொட்டிகளை) ஏறக்குறைய ஏழடி அகலத்தில் கட்டிவிட்டுப் போனார்கள்; படகுகள் இன்றும் அதற்குள் அடங்கித்தான் ஆக வேண்டும். நீளத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. வடக்கே கால்டர்-ஹெப்பிள் கால்வாயின் குட்டை லாக்குகளில்கூட 57 அடிப் படகைக் கொஞ்சம் சாமர்த்தியமாக நுழைத்துவிடலாம். நாங்கள் பெரும்பாலும் ரக்பி, பிரான்ஸ்டன் வட்டாரத்தில், ஆக்ஸ்போர்டு கால்வாயில்தான் இருக்கிறோம்.

வாங்குவதற்கு முன் படகைத் தண்ணீரிலிருந்து தூக்கி சர்வேயரிடம் காட்ட வேண்டும். அவர் சுத்தியலால் தட்டித் தட்டிக் கேட்பார்; துருப்பிடிக்காமல் இருக்க வெளியே பூசிய தாரைச் சுரண்டி அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்துத் தகட்டின் கனத்தை அளப்பார். 6 மில்லிமீட்டராகப் பிறந்த தகடு பல இடங்களில் ஐந்துக்கு மேல் இருந்தது. நீர்மட்டக் கோட்டை ஒட்டி, பின்பக்கத்தில் மட்டும் நான்குக்குக் கீழே போய்விட்டது. காற்றும் தண்ணீரும் மாறி மாறிப் படுகிற இடம் அது. துருவுக்குப் பிடித்தமான இடம். 4 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் பல காப்பீட்டு நிறுவனங்கள் முகம் சுளிக்கும். எனவே விலையைக் குறைத்துப் பேசி வாங்கி, நைந்த இடங்களின் மேல் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்வது என்று முடிவெடுத்தோம்.

இங்கே வேலையின் வரிசை முக்கியம். அந்தக் காலத்துப் படகுகளில் வெப்பக்காப்பு என்றால் பெரும்பாலும் தெர்மாகோல்தான். வெளியே வெல்டிங் நடக்கும்போது உள்ளே மரப்பலகைக்குப் பின்னால் தெர்மாகோல் இருந்தால் தீப்பற்றிக்கொள்ளும், அதுவும் கண்ணுக்குத் தெரியாமல். ஆகவே முதலில் உள்ளே இருந்ததை எல்லாம் பிடுங்கினோம். பலகை ஒவ்வொன்றாகக் கழன்று வந்தபோதுதான் அந்தப் படகின் வரலாறு தெரிந்தது. தெர்மாகோல் துண்டுகளுக்கு நடுவே விரல் நுழையும் இடைவெளிகள். இடைவெளி இருந்த இடமெல்லாம் இரும்பில் துருக்கோடு மேலிருந்து கீழாக இறங்கியிருந்தது. உள்ளே இருந்தவர்களின் மூச்சும் சமையல் ஆவியும் குளிர்ந்த இரும்பில் பட்டு, நீராகி, ஆண்டுக்கணக்கில் வழிந்த தடம் அது. தெர்மாகோலில் உரசிக் கிடந்த மின்கம்பிகள் கையில் பிசுபிசுவென்று ஒட்டின. பி.வி.சி. உறையை மிருதுவாக வைத்திருக்கும் பொருளைத் தெர்மாகோல் உறிஞ்சிவிடும். உறை நாளடைவில் விறைத்து வெடிக்கும். எல்லாக் கம்பிகளையும் மாற்றி, குழாய்க்குள் ஓட்டினோம். இந்தச் செலவைப் படகு விற்கிறவர் யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்.

தரைக்கு அடியில் இன்னொரு வேடிக்கை. படகு தண்ணீரில் நிலையாக உட்கார வேண்டும் என்பதற்காகத் தரைப்பலகைக்குக் கீழே செங்கல்லும் நடைபாதைக் கல்லும் பாரமாக அடுக்கியிருப்பார்கள். கல்லைத் தகட்டோடு ஒட்டி வைத்தால் நடுவே தண்ணீர் சிக்கிக்கொண்டு நகராது. ஒவ்வொன்றாகத் தூக்கி, அடித்தகட்டைச் சுரண்டி, வண்ணம் பூசி, சிறு கட்டைகளை அடியில் கொடுத்துத் திரும்ப வைத்தோம். முதுகு ஒடிகிற வேலைதான். புதுத் தகட்டின் எடை கூடியிருந்ததால் பின்பக்கத்துக் கற்கள் சிலவற்றைக் கரையேற்றிவிட்டோம். நாரோபோட் எப்போதும் பின்பக்கம் சற்றுத் தாழ்ந்தே மிதக்கும். எங்கே கசிந்தாலும் தண்ணீர் அங்கேதான் வந்து சேரும். அந்த இடத்தில் தரையில் ஒரு சிறு மூடி வைத்திருக்கிறோம். திறந்து கைவிட்டுப் பார்த்தால் போதும், படகின் உடல்நலம் தெரிந்துவிடும்.

சுவர்களுக்கும் கூரைக்கும் ஸ்பிரே ஃபோம் அடித்தோம். தெர்மாகோலைவிடப் பல மடங்கு செலவு. ஆனால் அது இரும்போடு ஒட்டிப் பிடித்துக்கொள்கிறது. ஈரக்காற்று இரும்பைத் தொடவே வழியில்லை. அந்தப் பணத்துக்கு நான் வருந்தவில்லை. ஜன்னல்கள்தான் மீதித் தொல்லை. அலுமினியச் சட்டம், ஒற்றைக் கண்ணாடி. காலையில் கண்ணாடியின் கீழ்விளிம்பில் குளம் கட்டி நிற்கும். குளிர்காலத்தில் உட்புறமாகக் காந்தப் பட்டையில் ஒட்டும் அக்ரிலிக் தகடுகளைப் பொருத்திய பிறகு அது பெருமளவு குறைந்தது.

அடுப்புக்கு வருகிறேன். கால்வாய்களில் அதிகம் காணப்படுவது டென்மார்க்கின் மோர்சோ ஸ்க்விரல். வார்ப்பிரும்பு, பக்கவாட்டில் அணில் உருவம். எங்களுக்கும் அதுதான். அடியில் ஓடு பதித்த மேடை, பின்னால் தீப்பிடிக்காத பலகை, பலகைக்கும் சுவருக்கும் இடையே காற்றுப் போக இடைவெளி, கூரையைத் துளைத்துப் போகும் புகைக்குழாய். இதில் சிக்கனம் பிடிக்காதீர்கள். அடுப்பு முன்பக்கம் இருப்பதால் அங்கே சட்டையைக் கழற்றத் தோன்றும், பின்பக்கப் படுக்கையறையில் கம்பளி போதாது. அதனால் அடுப்பின் முதுகில் ஒரு சிறு கொதிகலன் வைத்து, 28 மில்லிமீட்டர் செப்புக் குழாயில் ரேடியேட்டருக்கு வெந்நீர் போகச் செய்தோம். சூடான நீர் மேலேறும், குளிர்ந்தது கீழிறங்கித் திரும்பும். பம்ப் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். குழாயின் சரிவு மட்டும் தவறக் கூடாது. டீசல் ஹீட்டரும் ஒன்று வைத்திருக்கிறோம், அக்டோபர் போன்ற இரண்டுங்கெட்டான் மாதங்களுக்கு. அதைக் கொஞ்ச நேரம் ஓட்டி அணைப்பது கூடாது, கரி பிடித்துவிடும்.

தூங்கப் போகும் முன் சாம்பலைத் தட்டி, புகையில்லாக் கரியை நிரப்பி, கீழ்க் காற்றுவழியைக் குறைத்துவிட்டால் தீ விடியும்வரை கனன்றுகொண்டிருக்கும். அப்படிக் கனலும் தீதான் கார்பன் மோனாக்சைடு விஷயத்தில் ஆபத்தானது. அள்ளிய சாம்பல் வாளியும் அப்படித்தான். அதை அறைக்குள் வைக்கவே கூடாது. 2019 ஏப்ரலிலிருந்து படகுப் பாதுகாப்புச் சான்றிதழுக்கு கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம். நான்காண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய அந்தச் சான்றிதழ் இல்லாமல் கால்வாய் உரிமம் கிடைக்காது. பரிசோதகர் எங்கள் படகில் அதிக நேரம் பார்த்தது காற்றுத் துவாரங்களைத்தான்: கூரையில் எத்தனை, கதவின் அடியில் எத்தனை, எதையாவது அடைத்திருக்கிறோமா என்று. குளிருக்குப் பயந்து அவற்றில் துணியைத் திணிப்பவர்கள் நிறைய. விஷவாயுவுக்கும் ஈரத்துக்கும் ஒருசேரக் கதவைத் திறந்துவிடும் காரியம் அது.

தமிழ்ச் சமையல் இந்த ஈரக்கணக்கில் ஒரு தனி அத்தியாயம். ஒரு தட்டு இட்லி வேகும் நேரத்தில் ஆறடி அகல அறை முழுக்க ஆவி நிறைந்து ஜன்னல்கள் வியர்த்துவிடும். அடுப்படி ஜன்னலைத் திறந்துவைத்துத்தான் இட்லி ஊற்ற வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். பனிக்காற்று முகத்தில் அடிக்க, என் மனைவி கம்பளித் தொப்பியோடு மூடியைத் திறப்பார். துவைத்த துணியை உள்ளே காயப்போடுவதில்லை, லாண்டரிக்குப் போய்விடுகிறது.

படகைக் கட்டிவைக்க நிலையான துறை எடுக்காததால் சட்டப்படி ஓரிடத்தில் 14 நாட்களுக்கு மேல் தங்க முடியாது, நகர்ந்துகொண்டே இருக்கிறோம். கரி, டீசல், கேஸ் மூன்றையும் விற்கும் எரிபொருள் படகு வரும் தேதியைப் பார்த்து 25 கிலோ மூட்டைகளை வாங்கிக் கூரையில் அடுக்குகிறோம். சமையலுக்குச் சிவப்பு சிலிண்டர் புரொப்பேன்தான். நீல சிலிண்டரில் வரும் பியூட்டேன் பூஜ்யம் டிகிரிக்கு அருகில் ஆவியாக மறுத்து, காலைக் காப்பி நேரத்தில் காலை வாரிவிடும்.

ஜனவரியில் கால்வாய் உறையக்கூடும். பனிக்கட்டியை உடைத்துக்கொண்டு படகை ஓட்டினால் நீர்மட்டத்தில் பூசிய தாரை அது சீவி எடுத்துவிடும். அசையும் பனித்தகடுகள் பக்கத்துப் படகுகளையும் கீறும், அவர்களும் சும்மா இருக்க மாட்டார்கள். ஆகவே உறைபனி எச்சரிக்கை வந்தவுடன் குடிநீர்த் தொட்டியை நிரப்பி, கழிப்பறைத் தொட்டியைக் காலி செய்து, கரி இருப்பைச் சரிபார்த்து, கடைக்கு நடந்து போகும் தூரத்தில் படகைக் கட்டிவிடுகிறோம்.